ஆயா வீட்டுக் கொல்லை புதராகிக் கிடக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

மாமரத்தடி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா):
ஆயா போய் மூன்று வருடம். கொல்லைப்பக்கம் யாரும் இறங்கவே இல்லை. உண்ணிச்செடி என் தோள் உயரம் நிற்கிறது. கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி வேரிலிருந்தே இருபது கன்றாவது கிளம்பியிருக்கும். தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள். மாமரத்தடியில் உட்கார்ந்து பேச, பிராய் (வெளியில் கரி அடுப்பில் இறைச்சி சுடுவது) போட ஓர் இடம் வேண்டும். வேலைக்குக் கேட்டவர் மரத்தை வெட்டி, முழுக்க சிமெண்ட் போடச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

வெருலம் மாமா:
மரத்தில் கை வைக்க விடாதே தம்பி. டிசம்பர் வெயிலில் அந்த நிழல் இல்லாமல் வெளியே யார் உட்காருவார்கள்? சிமெண்டும் வேண்டாம். அக்டோபரில் மழை பிடித்தால் சரிவில் தண்ணீர் அத்தனையும் கீழ்வீட்டுக்குள் போகும். உட்காரும் இடத்துக்கு மட்டும் ஜல்லி பரப்பு, மீதிக்கு எல்.எம். புல் நடு. நிழலிலும் மெத்தென்று படரும் புல் அது. கிக்குயு புல் நிழலில் நிற்காது. அடுப்பைக் கிளைக்கு அடியில் வைக்காதே. டர்பனில் நல்ல வெயில் நாளில் வடகிழக்குக் காற்றுதான் அதிகம், புகை வீட்டுக்குள் போகாத பக்கமாகப் பார்த்து வை.

ஃபீனிக்ஸ் அக்கா:
முதலில் உண்ணிச்செடி. இங்கே சட்டப்படி அது 1பி பட்டியலில், அதாவது கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டிய அயல் செடிகளில் இருக்கிறது, நம் நிலத்தில் இருந்தால் நாம்தான் கட்டுப்படுத்த வேண்டும். மேலே வெட்டினால் போதாது, திரும்பத் துளிர்க்கும், வேரோடு பிடுங்கு. காயை உரக்குழியில் போடாதே, பைக்குள் கட்டிவிடு. பூட்ஸ் போட்டுக்கொள், வீட்டுப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டே போ. பச்சைப்பாம்பு தென்பட்டால் பெரும்பாலும் விஷமில்லாததுதான். ஆனால் நம் பக்கம் கறுப்பு மாம்பாவும் உண்டு, அதனால் எதுவானாலும் தள்ளி நின்று பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடு. அப்புறம், கறிவேப்பிலைக் கன்றில் இரண்டு எனக்கு எடுத்து வை!

மாமரத்தடி:
மாமா, அக்கா, ரொம்ப நன்றி. இந்த சனிக்கிழமை தம்பியும் நானும் பாதி பிடுங்கிவிட்டோம். புதருக்குள் ஆயாவின் ஆட்டுக்கல்! குழி நிறைய மழைத்தண்ணீர், விளிம்பில் ஒரு குட்டித் தவளை. கழுவினால் கல் இன்னும் வழவழவென்றுதான் இருக்கிறது. அதை நகர்த்தப் போவதில்லை. அதைச் சுற்றித்தான் ஜல்லி பரப்பி நாற்காலி போடப்போகிறோம். அக்கா, கன்று மூன்று வைத்திருக்கிறேன்.