கடினமான பாடநூலை எந்த வேகத்தில் படித்தீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

முதல் பதிவு

கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத், நிரல்களுக்கான படிமுறைகளைப் பற்றி எழுதிய ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ நூலின் முதல் தொகுதியை நான் இருமுறை பாதியில் மூடி வைத்தவன். மென்பொருள் வேலையில் பத்தாண்டுகள் கழிந்த பின் வந்த ஆசை அது. மூன்றாம் பதிப்பில் ஏறத்தாழ 650 பக்கங்கள் இருப்பதால், நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் வீதம் 65 நாள்களில் முடித்துவிடலாம் என்று நாள்காட்டியில் கட்டம் போட்டேன். ஆறாம் நாள் ஈருறுப்புக் கெழுக்கள் என்ற கணிதப் பகுதிக்குள் நுழைந்தபோது கண் வரிகளின் மேல் ஓடியதே ஒழிய, மனத்தில் ஒன்றும் தங்கவில்லை. ஆனாலும் கட்டங்களை மட்டும் தவறாமல் அடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் முறைதான், அதுவரை புரட்டித் தள்ளிய முன்பகுதியில் பயிற்சிக் கணக்குகளைப் பற்றிய குறிப்பைப் படித்தேன். ஒவ்வொரு கணக்குக்கும் 0 முதல் 50 வரை ஓர் எண் தரப்பட்டிருக்கிறது. 10 என்றால் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். 20 என்றால் கால் மணி நேரமோ சற்று அதிகமோ ஆகும். 30 என்றால் இரண்டு மணி நேரத்தையும் தாண்டலாம். 50 என்றால் எவரும் இன்னும் தீர்க்காத ஆய்வுச் சிக்கல். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் எவராலும் நிறுவ முடியாமலிருந்த ஃபெர்மாவின் இறுதித் தேற்றத்தை நிறுவுமாறு 50 என்ற எண்ணோடு கேட்டிருந்த கனூத், கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் 1995இல் வெளியான பிறகு அதை 45க்கு இறக்கியிருக்கிறார். அந்த ஐந்து எண் தள்ளுபடியை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

அதற்குப் பிறகு பக்கக் கணக்கை விட்டு நிமிடக் கணக்குக்கு மாறினேன். மாலையில் 90 நிமிடம் உட்கார்வேன். அதற்குள் அரைப் பக்கம் நகர்ந்தாலும் சரி. முதல் மாலை செய்தது 16 என்று எண்ணிடப்பட்ட ஓர் எளிய கணக்கு: 2166, 6099 ஆகியவற்றின் மீப்பெரு பொது வகுத்தியை யூக்ளிடின் முறையில் காண வேண்டும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, பிறகு வகுத்த எண்ணை மீதியால் வகுத்து, மீதி சுழியாகும்வரை தொடர்வதே அம்முறை; கடைசியாக வகுத்த எண்தான் விடை. 2166ஐ 6099ஆல் வகுத்தால் மீதி 2166; ஆக, முதல் சுற்று இரண்டு எண்களையும் இடம் மாற்றுவதோடு முடிகிறது. பிறகு மீதி 1767, 399, 171, 57 என்று இறங்கி, ஆறாவது வகுத்தலில் சுழியாகிறது, விடை 57. ‘முதல் எண் சிறியதானால் இடம் மாற்று’ என்று என் நிரல்களில் பல ஆண்டுகளாக நான் எழுதி வந்த வரி வேண்டாத வரி என்பது, பென்சிலால் வகுத்துப் பார்த்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. இத்தனைக்கும் நூலின் உரையிலேயே அதற்கோர் எடுத்துக்காட்டு இருக்கிறது; இருமுறை கடந்துபோயும் அது என் கண்ணில் படவில்லை.

ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டால், அதன் எண் சொல்லும் நேரத்தைப்போல் மும்மடங்கு வரை முயன்றுவிட்டுப் பின்பக்க விடையைப் பார்த்துவிடுவேன். உடுக்குறி (*) இட்ட பிரிவுகளை முதல் வாசிப்பில் விட்டுவிடலாம் என்று ஆசிரியரே அனுமதிப்பதால், அவற்றைக் குற்றவுணர்வின்றித் தாண்டினேன். பதினான்கு மாதங்கள் ஆகின்றன. தரவுகளைக் கிளை கிளையாக அடுக்கும் மர அமைப்புகள் தொடங்கும் இடத்தில் இப்போது நிற்கிறேன்.

மறுமொழி 1

உங்கள் நிமிடக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை, ஐயா. முதுகலையில் மெய்ப்பகுப்பாய்வு (மெய்யெண்களையும் எல்லைகளையும் ஆராயும் கணிதம்) படித்தபோது, ‘காம்பேக்ட்’ என்ற ஒரே வரையறையில் நான் ஒன்பது நாள்கள் நின்றேன். ஒரு கணத்தைத் திறந்த இடைவெளிகளால் எப்படி மூடினாலும், அவற்றுள் எண்ணி முடிக்கக்கூடிய சிலவே அதை மூடப் போதுமானால் அது காம்பேக்ட். கடைசியில் எனக்கு வழிவிட்டது ஒரு சிறு எடுத்துக்காட்டு. 0க்கும் 1க்கும் இடைப்பட்ட திறந்த இடைவெளியை (1/2, 1), (1/3, 1), (1/4, 1) என்று முடிவின்றி நீளும் இடைவெளிகளால் மூடிவிடலாம். ஆனால் அவற்றுள் எண்ணி ஒரு நூறை மட்டும் எடுத்தால், எந்த நூறை எடுத்தாலும், சுழிக்கு அருகே ஒரு துண்டு மூடப்படாமலே நிற்கும். அதைக் கோடு போட்டுப் பார்த்த மறுநாள், முனைகளையும் உள்ளடக்கிய மூடிய இடைவெளிகள் காம்பேக்ட் என்று காட்டும் ஹைனே–போரல் தேற்றத்தை ஒரே அமர்வில் முடித்தேன். அந்த ஒன்பது நாள்களில் தினம் 90 நிமிடத்தில் எழுந்திருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். நிரூபணங்களை ஓர் அஞ்சலட்டையால் மறைத்து, அடுத்த வரியை நானே எழுதிவிட்டு அட்டையை இறக்குவது இன்றும் என் வழக்கம்.

மறுமொழி 2

தேர்வு நாள் குறித்துவிட்டவர்களுக்கு இந்தச் சொகுசு கிடையாது. பொறியியல் முதுகலைச் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வுக்கு மின்காந்தவியல் படித்தபோது, பழைய வினாத்தாள்களைப் பார்த்துத்தான் எந்த இயலில் நிற்பது, எதை ஓடிக் கடப்பது என்று முடிவு செய்தேன். தேர்ச்சி பெற்றேன், ஆனால் மின்காந்த அலைகளைக் கடத்திச் செல்லும் குழாய்களான அலைவழிகாட்டிகளைப் பற்றி இன்று கேட்டால் சூத்திரம் மட்டுமே நினைவுக்கு வருகிறது.

முதல் பதிவர்

அஞ்சலட்டை உத்தியை நேற்று மாலை முயன்றேன், அம்மா. வழக்கமாக மூன்று நிமிடத்தில் படித்து முடிக்கும் ஒரு நிரூபணத்துக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. மூன்றாவது வரியிலேயே ஆசிரியரிடமிருந்து விலகி வேறெங்கோ போயிருந்தேன். இன்று மீண்டும் அதே பக்கம்தான்.