புதுப்பிப்பு: எந்தப் பல்லி வளர்ப்பது என்று கேட்டிருந்தேனே

லண்டனில் சின்ன ஃபிளாட், பல்லி வளர்ப்பது இதுதான் முதல் தடவை, லெப்பர்ட் கெக்கோவா கிரெஸ்டட் கெக்கோவா என்று முன்பு கேட்டிருந்தேன். கிரெஸ்டட் கெக்கோவையே கொண்டுவந்துவிட்டோம். லெப்பர்ட் ரொம்ப சாது, ஆனால் உயிருள்ள பூச்சிகளை வீட்டில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். மனைவிக்கு அதில் துளியும் சம்மதமில்லை. கிரெஸ்டட்டுக்கோ தண்ணீரில் குழைத்த பொடி உணவே போதும். 22 முதல் 26 டிகிரி வரை இருந்தால் நிம்மதியாக இருக்கும். 28-ஐத் தாண்டினால்தான் ஆபத்து, அதனால் கோடையை நினைத்துத்தான் கவலை. மரமேறி என்பதால் உயரமான கண்ணாடிப் பெட்டி வாங்கினோம். சாயங்காலம் தண்ணீர் தெளித்தால் இலையில் நிற்கும் துளிகளை நக்கிக் குடிக்கிறது, அவ்வளவு அழகு! வால் உதிர்ந்தால் மறுபடி முளைக்காது, அதனால் அதைக் கையில் எடுக்கப் பையனை இன்னும் விடவில்லை. அப்புறம், 15 வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. அதையும் பேசித்தான் முடிவெடுத்தோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.