12–9இல இருந்து 12–14: எங்கட பொடியன்கள் எங்க விட்டாங்க, ஞாயிற்றுக்கிழமைக்கு நாம என்ன செய்யலாம்?

கல்லடி_அலை (கேள்வி)

சனிக்கிழமை இரவு வலோரன்ட் (அஞ்சுக்கு அஞ்சு பேர் மோதுற கம்ப்யூட்டர் துப்பாக்கி ஆட்டம்) பார்த்த ஆக்களுக்கு விளங்கும். மட்டக்களப்பிலயும் கல்முனையிலயும் இருந்து அஞ்சு பொடியன்கள், அவனவன் வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்துதான் விளையாடுறாங்க. எதிர்ப்பக்கம் கொழும்பு டீம். கோச், பயிற்சி அறை எல்லாம் வச்சிருக்காங்க. முதல் மேப் (ஆட்டக் களம்) எங்களுக்கு, ரெண்டாவது அவங்களுக்கு. மூணாவது அசென்ட். பாதியில 8–4, மறுகா 12–9. இன்னும் ஒரு ரவுண்ட் எடுத்திருந்தா 13, ஆட்டம் முடிஞ்சிருக்கும். அதுக்குப் பிறகு ஒண்டுமே விழல்ல. 12–12, ஓவர்டைம், 12–14.

டபுள் எலிமினேஷன் எண்டபடியா கீழ் வரிசைக்குத்தான் இறங்கியிருக்காங்க. வாற ஞாயிறு பின்னேரம் அடுத்த ஆட்டம், அதிலயும் தோத்தா வெளியே.

கமென்ட் முழுக்க "பயந்துட்டாங்க", "கை நடுங்கிட்டு" எண்டுதான் கிடக்கு. உண்மையில ஆட்டம் எந்த இடத்தில கைவிட்டுப் போனது எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க. ஞாயிறு கல்லடியில ஒரு மண்டபத்தில அறுபது எழுபது பேர் கூடிப் பார்க்கிற யோசனையும் இருக்கு. அதுக்கு என்ன தேவை? பொடியன்களுக்குத் தொந்தரவு இல்லாம உதவ வேற வழி இருக்கா?

பாலமீன்மடு

பயம் எண்டு சொல்லுறது லேசு. ரெக்கார்டிங்க போட்டுப் பாருங்க, 22ஆவது ரவுண்ட்லயே எல்லாம் கிடக்கு.

ஸ்பைக் எண்டுற குண்டை எதிரி வச்சா 45 விநாடியில வெடிக்கும். செயலிழக்க வைக்க முழுசா 7 விநாடி வேணும். அப்ப திரையில ஓடுற பட்டைக்கு நடுவில ஒரு கோடு இருக்கும், அது 3.5 விநாடி. அந்தக் கோட்டைத் தாண்டிட்டு விட்டா அரைவாசி சேமிப்பில நிற்கும், அடுத்த ஆள் மிச்ச 3.5 விநாடி பிடிச்சாப் போதும். கோட்டுக்கு முன்னால விட்டா, எவ்வளவு பிடிச்சிருந்தாலும் திரும்ப சைபர்ல இருந்துதான்.

22இல எங்கட பக்கம் ரெண்டு பேர், எதிரி ஒருத்தன். 11 விநாடி மிச்சம் இருக்கக்க முதல் ஆள் ஸ்பைக்கில குந்திட்டார். புகை இல்ல, முன்னால திறந்த வெளி. 8 விநாடி மிச்சத்தில சுட்டு விழுத்திட்டான், அதாவது 3 விநாடிதான் பிடிச்சிருக்கார். ரெண்டாவது ஆள் உடனே எதிரியை எடுத்தார், அதுவும் அழகான சூடு. ஆனா ஸ்பைக்குக்கு வந்து சேரக்க 6 விநாடிதான் மிச்சம், 7 தேவை. முதல் ஆள் இன்னும் அரை விநாடி தாங்கியிருந்தா 3.5 போதும், ரெண்டரை விநாடி கையில மிஞ்சியிருக்கும், ஆட்டமும் 13–9 எண்டு முடிஞ்சிருக்கும்.

ரெண்டு பேர் இருக்கக்க செய்யவேண்டியது வேற. ஒருத்தர் ஸ்பைக்கைச் சும்மா ஒருக்காத் தட்டிட்டு எழும்பணும். அந்தச் சத்தம் கேட்டா ஒளிஞ்சிருக்கிறவன் எட்டிப் பார்க்காம இருக்க ஏலாது. மற்றவர் அந்த மூலையைக் குறிபார்த்தபடி நிற்கணும். ஆள் விழுந்த பிறகுதான் உண்மையாக் குந்துறது. 11 விநாடி மிச்சத்தில தட்டினா, 7 விநாடி மிச்சம் வரைக்கும் அவனை எடுக்க 4 விநாடி இருக்கு. ஓமன் எண்டுற பாத்திரம் போடுற புகை 15 விநாடி நிற்கும். அதில ஒண்டை ரீடேக்குக்கு (ஸ்பைக் வச்ச இடத்தைத் திரும்பப் பிடிக்கிறதுக்கு) எண்டு மிச்சம் வச்சிருந்தா இந்தக் கதையே இல்ல. ஆனா ரெண்டையும் கொஞ்சம் முன்னம்தான் நடுப்பாதைக்கே போட்டு முடிச்சுட்டாங்க. இதுகளைப் பழகித் திருத்தலாம்.

சாய்ந்தமருது_மேற்கு

அக்கா சொன்னது சரி, ஆனா அது ஒரு ரவுண்ட். அதுக்குப் பிறகும் ரெண்டு மேட்ச் பாயின்ட் இருந்திச்சே. அது போனது காசுக் கணக்கில.

22 தோத்ததும் கையில ஆளுக்குச் சுமார் 500 கிரெடிட் (ஆட்டத்துக்குள்ள ஆயுதம் வாங்குற காசு). முதல் தோல்விக்கு 1900 கிடைக்கும், மொத்தம் 2400. வேன்டல் ரைஃபிள் 2900, கனமான கவசம் 1000, ஆக முழுசா வாங்க 3900 வேணும். அது இல்ல. எங்கட ஆக்கள் 23இல ஸ்பெக்டர் எண்டுற மலிவான துப்பாக்கியும் (1600) லேசான கவசமும் (400) வாங்கினாங்க. மிச்சம் 400. அதுவும் தோல்வி, ரெண்டாவது தோல்விக்கு 2400, ஆக 2800. வேன்டலுக்கு 100 குறைவு! கொலை எடுத்த ரெண்டு பேருக்கு மட்டும் (கொலைக்கு 200) துப்பாக்கி வந்திச்சு, அதுவும் கவசம் இல்லாம. மற்ற மூணு பேரும் 24இல புல்டாக் எண்டுற மலிவான ரைஃபிளோட நிண்டாங்க. எதிரி முழு ஆயுதத்தோட வந்து 12–12 ஆக்கினான்.

23இல ஒண்டுமே வாங்காம விட்டிருந்தா 2400உம் 2400உம் சேர்ந்து 4800. 24இல அஞ்சு பேரும் வேன்டல், கனமான கவசம், மேல 900க்குத் திறன்கள். 12–11 எண்டாலும் மேட்ச் பாயின்ட் எங்கட கையிலதான் இருந்திருக்கும்.

கல்லடி_அலை

அண்ண, மேட்ச் பாயின்ட் இருக்கக்க ஒரு ரவுண்டை சும்மா விட்டுக்குடுக்க மனம் வருமா? அதோட, 22இல எதிரிட பக்கமும் அஞ்சு பேரும் விழுந்தாங்க. அவங்களும் காசில்லாமத்தானே இருந்திருப்பாங்க?

சாய்ந்தமருது_மேற்கு

நல்ல கேள்வி தம்பி. அஞ்சு பேரும் விழுந்ததால துப்பாக்கி ஒண்டும் மிஞ்சல்ல. ஆனா வெற்றிக்கு 3000, ஸ்பைக் வச்சதுக்கு ஆளுக்கு 300, அதுவே 3300. கையில 600 வச்சிருந்தவன் முழுசா வாங்கிடுவான். ரெக்கார்டிங்ல பாருங்க, 23இல அவங்கட்ட மூணு ரைஃபிள் இருந்திச்சு, மற்ற ரெண்டு பேர் சின்னத் துப்பாக்கி. அதனால எங்கட ஆக்கள் அடிச்சுப் பார்ப்பம் எண்டு நினைச்சது முட்டாள்தனம் இல்ல. பிழை, செலவழிச்ச அளவில.

இடையில ஒரு வழி இருக்கு. ஷெரிஃப் எண்டுற கைத்துப்பாக்கி மட்டும், கவசம் இல்லாம: 800. 2400இல 800 போனா 1600, தோத்தா 2400 சேர்ந்து 4000. அடுத்த ரவுண்டுக்கு வேன்டலும் கனமான கவசமும் வாங்கியும் 100 மிஞ்சும். ஷெரிஃப் 30 மீற்றருக்குள்ள தலைக்குப் பட்டா 159 புள்ளி உயிர் போகும், முழுக் கவசம் போட்டவனுக்கு உள்ளது 150தான், ஒரே சூட்டில விழுவான். அஞ்சு பேரும் ஒரு பக்கம் திரண்டு, கிட்ட இருக்கிற மூலைகளில நிண்டு, பி தளத்துக் (ஸ்பைக் வைக்கிற இடங்களில ஒண்டு) கதவைச் சாத்திட்டுக் காத்திருந்தா மூணு ரைஃபிளுக்கு எதிரா வாய்ப்பு இருக்கு. வெல்லலாம், தோத்தாலும் அடுத்த ரவுண்ட் கெடாது.

ஓவர்டைம்ல எல்லாருக்கும் 5000 குடுக்கிறாங்க, அங்க காசுக் கதையே இல்ல. அங்க தோத்த ரெண்டு ரவுண்டும் எதிரி நல்லா விளையாடி எடுத்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

வாவிக்கரை

இந்த ரெண்டு பதிலையும் சுருக்கி, டீம்ட கப்டனுக்கு மட்டும் ஒருக்கா அனுப்புங்க. அஞ்சு பேருக்கும் அம்பது பேர் அனுப்பாதீங்க. செவ்வாய், புதன் அளவில அனுப்புங்க, சனி இரவு வேணாம். முந்தின நாள் இரவு புதுக் கணக்கை மண்டையில ஏத்தினா ஆட்டத்தில தடுமாறுவாங்க.

ஒரு டீம் ஒரு அங்குலத்தில தோத்த கையோட எழும்பினதுக்கு 2022 லீக் ஆஃப் லெஜன்ட்ஸ் (இன்னொரு கம்ப்யூட்டர் ஆட்டம்) உலகப்போட்டி நல்ல உதாரணம். கொரியாவின் நாலாவது டீமா வந்த டிஆர்எக்ஸ், மெக்சிகோ சிட்டியில பிளே-இன் எண்டுற தகுதிச் சுற்றில இருந்தே தொடங்கினது. குழுச் சுற்றில முதல் ஆட்டமே ரோக் டீமிட்டத் தோல்வி. காலிறுதியில சீன டீம் இடிஜிக்கு எதிரா ரெண்டாவது ஆட்டத்தில எதிரிட நெக்ஸஸை (இடிச்சா வெற்றி தாற தலைமைக் கட்டடம்) அடிச்சுக்கொண்டிருக்கக்க, இடிச்சுப் போட்டிருந்த இன்ஹிபிட்டர் எண்டுற காவல் கட்டடம் திரும்ப முளைச்சிட்டு. அது நிக்கிற வரைக்கும் நெக்ஸஸில கை வைக்க ஏலாது. வெல்லவேண்டிய ஆட்டம் போய் 0–2. அதில இருந்து மூணு ஆட்டத்தையும் எடுத்து 3–2. நவம்பர்ல சான் பிரான்சிஸ்கோவில இன்னொரு கொரிய டீமான ரீ1ஐ 3–2க்கு வென்று கிண்ணம் தூக்கினாங்க. வலோரன்ட்ல எண்டா சிங்கப்பூர் டீம் பேப்பர் ரெக்ஸ். 2022இல கோபன்ஹேகன் இறுதியில 2–3, 2023 சாம்பியன்ஸ் இறுதியில 1–3. 2025இல டொரன்டோவில ஃபினாட்டிக் டீமை 3–1க்கு வென்ற பிறகுதான் முதல் மாஸ்டர்ஸ் கிண்ணம் கைக்கு வந்தது.

கமென்ட்ல கெட்ட வார்த்தை எழுதுறவங்களோட சண்டைக்குப் போகாதீங்க. அந்தச் சண்டையைத்தான் பொடியன்கள் ஃபோனைத் திறந்ததும் பார்ப்பாங்க. 22ஆவது ரவுண்ட்ல ரெண்டாவது ஆள் எடுத்த சூடு, முதல் மேப் வெற்றி, இதுகளை வெட்டிப் போடுங்க, அதுகள் மேல வரட்டும்.

ஏறாவூர்_வயர்

மண்டபத்தைப் பற்றி நான் சொல்லுறன்.

1080பி, 60 ஃபிரேம் எண்டா நொடிக்கு 6 மெகாபிட் அளவு ஓடும், மணித்தியாலத்துக்கு 2.7 ஜிபி. மூணு மேப் போனா மூணு மணித்தியாலம் வைங்க, சுமார் 8 ஜிபி. வைஃபை வேணாம். அறுபது ஃபோன் ஒரு ரவுட்டர்ல தொங்கினா படம் நிண்டு நிண்டுதான் வரும். மடிக்கணினிக்கு லேன் வயர் இழுங்க, மண்டபத்து வைஃபை பாஸ்வேர்டை யாருக்கும் குடுக்காதீங்க. மாற்றுக்கு வேற நிறுவனத்து சிம்மோட ஒரு 4ஜி ஃபோன், 10 ஜிபிக்குக் குறையாம டேட்டா போட்டு, யூஎஸ்பி வயர்ல ஹாட்ஸ்பொட் ஆயத்தமா இருக்கட்டும்.

புரொஜெக்டர் பின்னேர வெளிச்சத்துக்கு 3000 லூமன்ஸுக்கு மேல வேணும், அதோட மேற்குப் பக்க ஜன்னலை மூடுங்க. எச்டிஎம்ஐ வயர் 10 மீற்றருக்குள்ள வச்சுக்கொள்ளுங்க. மலிவான 15 மீற்றர் வயர்ல படம் மினுங்கி மினுங்கி அணையும். திரைக்கு வெள்ளைத் துணி எண்டா ரெண்டு மடிப்பு, அடியில பிவிசி குழாய் ஒண்டைக் கட்டித் தொங்க விடுங்க. கல்லடியில பின்னேரம் கடல் காற்று ஏறினா துணி பாய் மாதிரி ஊதும், எழுத்து ஒண்டும் வாசிக்க வராது. தகரக் கூரை மண்டபம் எண்டா இன்னொரு விஷயம். கச்சான் காற்று நாளில புரொஜெக்டர் சூடேறித் தானா நிற்கும். காற்று வடியைக் கழற்றித் தூசி தட்டி, பின்னால ஒரு ஃபேன் வைங்க. ஒலிபெருக்கிக்கு வயர்தான், புளூடூத்ல சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், சூடு விழுந்த பிறகுதான் வெடிச் சத்தம் கேட்கும்.

கரண்ட் போனா: புரொஜெக்டர் 300 வொட், மடிக்கணினி 90, ஒலிபெருக்கி 100, ரவுட்டர் 12. மொத்தம் 500 அளவு. 1 கேவிஏ ஜெனரேட்டர் தாங்கும், ஆனா அந்த லைன்ல மண்டபத்து ஃபேன்களைக் கொழுவாதீங்க.

மண்டபத்தை விட முக்கியம் பொடியன்கள்ட வீடு. அஞ்சு வீட்டு ரவுட்டருக்கும் மினி யூபிஎஸ் வாங்கிக் குடுத்தா அதைவிட நல்ல அன்பளிப்பு இல்ல. அடாப்டர்ல 12 வோல்ட்டா, எத்தனை அம்பியர் எண்டு பாருங்க, ஃபைபர் பெட்டி தனியா இருந்தா அதுக்கும் ஒரு வாய் வேணும். 10000 எம்ஏஎச் எண்டு போட்டிருக்கிறது 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 37 வொட்-மணி. வீணாப் போறது போக, 12 வொட் ரவுட்டர் ரெண்டரை மணித்தியாலம் போகும். கம்ப்யூட்டருக்கு 650 விஏ யூபிஎஸ் சில நிமிஷம்தான் தாங்கும். ஆட்டத்தை முடிக்க அது காணாது. நடுவருக்கு எழுதி ஆட்டத்தை நிறுத்தக் கேட்க அந்த நிமிஷம் போதும். அந்த நிறுத்தம் எத்தனை நிமிஷம் எண்டு போட்டி விதியில இருக்கும், இண்டைக்கே வாசிச்சு வைங்க.

ஆட்ட நேரம் வீட்டு ஆக்கள் யூடியூப் பார்க்கவேணாம், ஃபோன்ல படங்கள் பேக்அப் ஆகிறதையும் நிப்பாட்டச் சொல்லுங்க. ஆட்டத்துக்குத் தேவையான டேட்டா கொஞ்சம்தான். ஆனா அப்லோட் நிரம்பினா பிங் (ஆட்டத்தில வாற தாமதம், மில்லிவிநாடியில) 60இல இருந்து 200க்குத் துள்ளும்.

கல்லடி_அலை

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம், மண்டபத்தில சத்தம் போடுறம், ஒரு பொடியன்ட வீடு ரெண்டு ஒழுங்கை தள்ளித்தான். அவருக்குக் கேட்டா பிரச்சினையா?

பாலமீன்மடு

ஒளிபரப்பு சில நிமிஷம் பிந்தித்தான் வரும், எதிரிட இடத்தை யாரும் பார்த்துச் சொல்லாம இருக்கத்தான் அப்படி. அதால உங்கட சத்தம் அவருக்கு ஒண்டையும் காட்டிக்குடுக்காது. ஆனா அவர் விளையாடுற ரவுண்ட் வேற, நீங்க கத்துற ரவுண்ட் வேற. 12–11இல குந்தியிருக்கிறவருக்கு முன்னம் தோத்த ரவுண்டுக்கான "ஐயோ" கேட்டா மனம் அங்க போயிடும். ஒலிபெருக்கியை மண்டபத்துக்கு உள்பக்கமாத் திருப்புங்க, அந்த ஒழுங்கைப் பக்க ஜன்னலையும் சாத்துங்க. வாட்ஸ்அப் குரூப்பை ஆட்டம் தொடங்க முதல் அட்மின் மட்டும் எழுதுற மாதிரி மாத்திடுங்க, கடைசி மேப் ஒளிபரப்பில முடிஞ்ச பிறகு திறங்க.