கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறியும் சுகர் ஏறுகிறது, எங்கே தவறு?

திருச்சி_வாசகி:
அம்மாவுக்கு 61 வயது, டைப் 2 சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, வோக்ளிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை, காலையும் இரவும். அரிசியைக் குறைக்கச் சொன்னதால் காலையில் 3 இட்லிக்குப் பதில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் சுமார் 100 கிராம் அரிசி போட்டு வடித்த சோற்றுக்குப் பதில் 4 சப்பாத்தி என்று மாற்றினோம். கஞ்சிக்குக் குவித்து 4 டேபிள்ஸ்பூன் மாவு, 100 மில்லி பால், சின்னத் துண்டு வெல்லம். வெறும் வயிற்றில் 120 வாக்கில் இருக்கிறது. இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 190 காட்டிய மீட்டர், கஞ்சிக்கு 220 தாண்டுகிறது. மதியமும் இறங்கவில்லை. சிறுதானியம் சர்க்கரைக்கு நல்லது என்கிறார்களே? பேசாமல் மாவுச்சத்தை அடியோடு நிறுத்திவிடலாமா?

உணவியல்_மதுரை:
தானியத்தின் பெயரை ஒதுக்கிவிட்டு, சமைக்கும் முன் எத்தனை கிராம் என்று பாருங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராமில் மாவுச்சத்து: பச்சரிசி 78 கிராம், கேழ்வரகு 67, கோதுமை மாவு 64. நார்ச்சத்தைக் கழித்த கணக்கு இது. அரிசிக்கும் கேழ்வரகுக்கும் வித்தியாசம் 11 கிராம்தான். கரண்டியில் கொஞ்சம் கூடக் குவித்தால் போய்விடும்.

இப்போது உங்கள் கஞ்சி. குவித்த டேபிள்ஸ்பூன் சுமார் 15 கிராம் என்றால் மாவு 60 கிராம், அதில் மாவுச்சத்து 40. வெல்லம் 10 கிராம் என்றால் இன்னொரு 9. பாலில் 5. மொத்தம் 54. நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 12, மூன்றுக்கு 36. ஒன்றரை மடங்கு சாப்பிட்டால் மீட்டர் ஏறத்தான் செய்யும். மதியமும் இதே கதை: சப்பாத்திக்கு 35 கிராம் மாவு என்று வைத்தால் நான்குக்கு 140, மாவுச்சத்து 90. நீங்கள் விட்ட 100 கிராம் அரிசியில் இருந்தது 78!

அளவு போக, பக்குவமும் முக்கியம். நைசாக அரைத்த மாவை நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் மாவுச்சத்து மணிகள் ஊதி உடைந்துவிடும். குடலில் செரிமான நொதிக்கு அதிக வேலை இருக்காது. போதாக்குறைக்கு நீராகாரம் வயிற்றைவிட்டுச் சீக்கிரம் இறங்கும். மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டியிருந்தால் கேழ்வரகின் பெரிய பலமான நார்ச்சத்தும் (100 கிராமில் 11) குறைந்துபோயிருக்கும்.

நான் சொல்வது: மாவு 40 கிராம், தராசில் நிறுத்து எடுங்கள். சலிக்காமல், முருங்கைக்கீரையும் வெங்காயமும் மாவு அளவுக்குப் போட்டு அடையாகத் தட்டுங்கள். கூடவே ஒரு முட்டை, அல்லது 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த சுண்டல். சுண்டலில் மாவுச்சத்து சுமார் 12, நார் 7. மொத்தம் 40 வாக்கில் நிற்கும். கஞ்சிதான் வேண்டும் என்றால் மாவு 30 கிராம், வெல்லத்துக்குப் பதில் மோரும் உப்பும். கருப்பட்டியும் சர்க்கரைதான், அதற்கு விலக்கு கிடையாது.

மதியம் சோற்றுக்கே திரும்பலாம். புழுங்கலரிசி 50 கிராம் போட்டால் சுமார் 150 கிராம் சோறு வரும், மாவுச்சத்து 39. முதலில் பொரியலும் பருப்பும், பிறகு சோறு. இந்த வரிசையில் சாப்பிட்டாலே ஏற்றம் கொஞ்சம் தணியும். சாப்பிட்டதும் 15 நிமிடம் நடக்கச் சொல்லுங்கள்.

லேப்_கோவை:
மீட்டரைப் பற்றி ஒன்று. சர்வதேசத் தர விதிப்படி (2013) 100-க்கு மேல் 15 சதவீதம் முன்பின் காட்ட மீட்டருக்கு அனுமதி உண்டு. 190-க்கும் 220-க்கும் உள்ள இடைவெளி ஒரே ஒரு சோதனையில் வந்திருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே உணவை ஒரே அளவில் மூன்று நாள் கொடுத்து சராசரி பாருங்கள். இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. பழம் நறுக்கிய விரலில் குத்தினால் தப்பாக ஏறிக் காட்டும். சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

திருச்சி_வாசகி:
நன்றி. சோற்றை ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துச் சாப்பிட்டால் சுகர் ஏறாது என்கிறார்கள், உண்மையா? இன்னொன்று, அம்மாவுக்குச் சில சமயம் படபடப்பு வருகிறது. உடனே வெல்லம் கொடுக்கிறோம்.

மருந்தாளுநர்_நெல்லை:
முதலில் படபடப்பு, சுகர் மிகவும் இறங்கியதால் இருக்கலாம், அதுதான் அவசரம். வோக்ளிபோஸின் வேலையே குடலில் சர்க்கரையை உடைக்கும் நொதியைத் தடுப்பது. அதனால் வெல்லம், சீனி, மிட்டாய் எதுவும் வேண்டிய வேகத்தில் இரத்தத்தில் சேராது. மருந்துக்கடையில் குளுக்கோஸ் பவுடர் வாங்கி வையுங்கள். 15 கிராம் எத்தனை ஸ்பூன் வருகிறது என்று ஒருமுறை எடை போட்டு டப்பாவிலேயே எழுதி ஒட்டுங்கள். படபடப்பு வந்ததும் மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் அந்த 15 கிராமைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு 15. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், நேராக ஆஸ்பத்திரிதான்.

சுகர் இறங்கிவிடும் என்ற அதே காரணத்தால் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தும் யோசனை வேண்டவே வேண்டாம். அம்மா உணவு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிளிமெபிரைடு இன்சுலினைச் சுரக்கவைக்கும். மேலே சொன்ன அளவுக்குக் குறைப்பதானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டினால், மீட்டரில் பெரிதாக ஏறாமலே இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் காத்திருக்கக் கூடாது. நம் நாட்டில் 2020-இல் வகுத்த பரிந்துரையில் பெரியவர்களுக்கு நாளுக்கு 130 கிராம் மாவுச்சத்து சொல்லியிருக்கிறார்கள், மூளைக்குத் தேவையான குளுக்கோஸை வைத்துப் போட்ட கணக்கு அது.

ஆறவைத்த சோறு: மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகி, எளிதில் செரிக்காததாக மாறும் என்பது உண்மை. லாபம் சிறியது, 50 கிராம் அரிசியை 80 ஆக்க அது லைசென்ஸ் அல்ல. சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, வடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுப்படியிலேயே கிடந்தால் கிருமி பெருகும். அது விடும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது.