விரால் ரப்பர் தவளைய அடிக்குது, ஆனா முள்ளுல மாட்ட மாட்டேங்குது, ராட் மாத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வேலந்தாவளம் பையன்:

அண்ணன்மாருக்கு வணக்கமுங்க. நமக்கு ஊரு வேலந்தாவளம் பக்கம், செக்போஸ்ட் தாண்டுனா கோயமுத்தூரு, இந்தப்பக்கம் பாலக்காடு. சின்ன வயசுல இருந்து மூங்கில் குச்சி, தங்கூஸ், தக்கை, மண்புழு இப்படித்தான் புடிச்சுப் பழக்கம், லூர்ல, அதான் செயற்கை எரையில, புடிக்கறது இந்த வருசந்தான் ஆரம்பிச்சேனுங்க. வெளிநாட்டு பாஸ் மீன் புடிக்கற வீடியோ நெறைய பாத்துட்டு அவங்க சொன்ன மாதிரியே வாங்கிட்டேன். 6 அடி 6 இன்ச் ஸ்பின்னிங் ராட், 2500 சைஸ் ரீல், 10 பவுண்டு கனம் தாங்கற தங்கூஸ், மூணு முள்ளு தொங்கற கிராங்க்பெய்ட் (குட்டி மீன் மாதிரி முங்கிப் போற லூர்) ரெண்டு, தண்ணி மேல சத்தம் போடற பாப்பர் ஒண்ணு, ரப்பர் புழு ஒரு பாக்கெட், ஒரு ரப்பர் தவளை. கிட்டத்தட்ட ஆறாயிரம் ஆயிப்போச்சுங்க.

எங்க மாமா தோட்டத்துக்குப் பக்கத்துல ஒரு ஏரி இருக்கு, பாதி ஏரிய ஆகாயத்தாமரை மூடிக்கெடக்குது, மீதி அல்லி. கிராங்க்பெய்ட் ரெண்டும் மொத நாளே பாயல்ல, அதான் அந்தத் தண்ணிச் செடியில, மாட்டி ஒண்ணு போயே போச்சு. தவளை மட்டும் மேல நல்லா போகுது. காலையில ஆறு மணி போல போடறேன், மூணு நாள்ல ஏழு தடவ விரால் அடிச்சுது, சத்தம் கேட்டா கல்லு விழுந்த மாதிரி இருக்குது, நான் உடனே இழுக்கறேன், தவளை மட்டும் பறந்து என் மூஞ்சிக்கு நேரா வருது. ஒரே ஒருக்கா மாட்டுச்சு, அதுவும் தாமரைக்குள்ள பூந்து தங்கூஸ் அறுந்து போச்சு. வாயில முள்ளோட போன மீன நெனச்சா மனசு கஷ்டமா இருக்குதுங்க.

பாலக்காட்டுல ஒரு கடையில பெய்ட்காஸ்டர் ரீல் வாங்குனா எல்லாம் சரியாயிரும்னு சொன்னாங்க. இன்னொரு நாலாயிரம் போடணுமா? தப்பு ராட்லயா, ரீல்லயா, என் கையிலயா?

மீன்கரை தூண்டில்:

தம்பி, பணத்த எடுத்து வெளிய வெக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விசயம் சொல்லு. ராட்ல கைப்பிடிக்கு மேல சின்ன எழுத்துல என்ன எழுதியிருக்குது? அப்பறம் அந்தத் தவளைய கட்டைவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வெச்சு அமுக்கிப் பாரு, ரெண்டு முள்ளும் முழுசா வெளிய வருதா, இல்ல அமுக்கறதுக்கே கஷ்டமா இருக்குதா?

வேலந்தாவளம் பையன்:

பாத்தேனுங்ண்ணா. மீடியம் லைட்னு போட்டிருக்குது, லைன் 6ல இருந்து 12 பவுண்டு, லூர் எட்டுல ஒரு அவுன்ஸ்ல இருந்து அரை அவுன்ஸ் வரைக்கும். தவளை நல்ல கெட்டிங்க, பலமா அமுக்குனாத்தான் முள்ளு தெரியுது.

மீன்கரை தூண்டில்:

ரெண்டு தப்பு ஒண்ணா சேந்திருக்குது பாரு.

நீ பாத்த வீடியோவுல இருக்கறது லார்ஜ்மவுத் பாஸ், அது வட அமெரிக்கா மீனு. 1925ல ஜப்பானுக்குக் கொண்டுபோயி அஷினோகோ ஏரியில விட்டாங்க, இன்னிக்கு நம்ம கைக்கு வர்ற நல்ல ராட்டு ரீலு நெறைய அந்த மீன மனசுல வெச்சு செஞ்சது. அது தப்பில்ல, பாஸ் சாமான் நம்ம விராலுக்கு அருமையா ஒத்துப்போகும். ஆனா எந்த பாஸ் சாமான்ங்கறதுதான் கேள்வி. தெளிஞ்ச தண்ணியில சின்ன லூர் போட ஒரு ராட்டு, பாயல் மேல தவளை போட வேற ராட்டு. பாஸ்காரங்களே பாயல் மேல தவளை போடறப்போ உன்னுது மாதிரி மெதுவான மீடியம் லைட் ராட்ட தொட மாட்டாங்க. 7 அடி ஹெவி, அதான் நல்ல கெட்டி ராட்டு, 50, 65 பவுண்டு பிரெய்டு, அதான் பின்னல் நூலு, அதுதான் அவங்க வழக்கம். நீ தெளிஞ்ச தண்ணி வீடியோ பாத்து வாங்கி, தாமரைக்குளத்துல கொண்டுபோயி போட்டிருக்கற.

ஏன் மாட்டலைங்கறத புரிஞ்சுக்க. பாஸ் பெரிய வாயத் தொறந்து தண்ணியோட சேத்து லூர உறிஞ்சி உள்ள இழுக்கும். விராலு அப்படியில்ல, ஓடிவந்து ஓங்கிக் கடிக்கும், வாயி பூரா எலும்பு, உள்ள பல்லு. தவளையில ரெண்டு முள்ளும் முதுகோட ஒட்டிப் படுத்திருக்கும், பாயல்ல மாட்டாம இருக்கறதுக்காக. மீனு கடிச்சு அந்த ஒடம்பு நசுங்குனாத்தான் முள்ளு எந்திரிக்கும், அப்பறம் நீ ராட்ட வெடுக்குன்னு மேல இழுத்து வெட்டற வேகத்துல அது எலும்புல ஏறணும். உன் கையில ராட்டு வளையுது, தங்கூஸ் ரப்பர் மாதிரி நீளுது, நீ குடுக்கற பலம் முள்ளு வரைக்கும் போயே சேரல. போதாக்கொறைக்கு சத்தம் கேட்ட உடனே இழுக்கற, அப்ப தவளை இன்னும் அது வாய்க்கு வெளியதான் இருக்கும்.

மொதல்ல காசில்லாம பண்ணக்கூடியத பண்ணு. தவளைய கொதிக்காத சுடுதண்ணியில சித்தெ நேரம் போட்டு எடுத்து கையில நல்லா கசக்கு, கொஞ்சம் இளகும். சின்னக் குறடு எடுத்து ரெண்டு முள்ளு நுனியையும் மயிரிழை அளவு வெளிப்பக்கமா, மேல் பக்கமா திருப்பு. ரொம்பத் திருப்புனா பாயல அள்ளிட்டு வரும், அளவு பாத்து செய். நகத்துல முள்ள வெச்சு இழு, வழுக்குனா அரம் போடு, கீறுனா சரி. அடிச்ச உடனே வெட்டாத. ராட்டு நுனிய கீழ எறக்கு, தொங்கற லைன சுத்தி எடு, கையில கனம் தெரியணும், அதுக்கப்பறம் ஓங்கி மேல வெட்டு. சத்தத்துக்கு வெட்டாத, கனத்துக்கு வெட்டு. நான் இதக் கத்துக்கறதுக்கு ரெண்டு வருசமாச்சு, அவ்வளவு மீன விட்டிருக்கேன்.

அடுத்து லைனு. தங்கூச கழட்டிட்டு 40 பவுண்டு பிரெய்டு போடு, நூல் தடிமனுக்கு பிஈ 3னு எழுதியிருக்கும். அது நீளாது, தாமரைத் தண்ட அறுத்துட்டு வரும். ஆனா அத உன் மீடியம் லைட் ராட்டுல போட்டு, லைன் நழுவாம லாக் பண்ணி இழுத்தா லைனு அறுகாது, ராட்டுதான் ஒடியும். அதனால ஒரு ராட்டு மட்டும் வாங்கித்தான் ஆகணும், மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்சன் (நுனி மட்டும் வளையறது), 6 அடி 6 இன்ச் போதும், ஏரிக்கரையில பனமரமும் வேலியும் இருந்தா நீள ராட்டு வீச முடியாது. ஸ்பின்னிங்லயே வாங்கு, உன் 2500 ரீல இப்போதைக்கு ஓட்டு. ரீல்ல லைன் நழுவற டிராக் திருகாணிய நல்லா இறுக்கி வெச்சுக்கோ, தாமரைக்குள்ள ஓட விட்டா அப்பறம் நீ தண்ணியில எறங்கித்தான் எடுக்கணும்.

குழித்துறை ஆறு:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, நான் பெய்ட்காஸ்டர் விசயம் மட்டும் சொல்லுதேன். தம்பி, கடைக்காரன் சொன்னான்னு வாங்கிராத கேட்டியா. நல்ல ரீலுதான், இல்லேங்கல, தாமரைக்குள்ள இருந்து மீன இழுக்கதுக்கு அதுக்கு மேல ஒண்ணு கிடையாது, ரீல் நேரா இழுக்கும், ஸ்பின்னிங் மாதிரி லைன் ஒரு வளைவு சுத்தி வராது. ஆனா வீசும்போ ஸ்பூல், அதாவது லைன் சுத்தி வச்ச உருளை, தானே சுத்தும், லூர் காத்துல வேகம் குறையும், ஸ்பூல் குறையாது, அப்போ லைன் உள்ள குருவிக்கூடு மாதிரி சிக்கிரும். எனக்கு முதல் மாசம் வீசின நேரத்தவிட சிக்கெடுத்த நேரம்தான் கூடுதல், 100 மீட்டர் பிரெய்டு கத்தரியால வெட்டிக் களஞ்சேன்.

பொறவு வாங்குனா இத ஞாபகம் வச்சுக்கோ. லூர கட்டிட்டு பட்டன அமுக்கி விட்டா அது மெதுவா தரைக்கு எறங்கணும், தரையில தொட்டதும் ஸ்பூல் நிக்கணும், அதுவரைக்கும் சைடுல உள்ள சின்னத் திருகாணிய திருப்பு. பிரேக்க முதல்ல கூட்டி வச்சு, கை பழகப் பழகக் குறை. லூர் தண்ணியில விழுகதுக்கு ஒரு நொடி முன்னால கட்டைவிரல ஸ்பூல் மேல வை. அரை அவுன்ஸ், அதாவது 14 கிராமுக்குக் குறைஞ்ச லூர அதுல வீசிப் படிக்காத. வெறும் ஸ்பூல்ல பிரெய்ட நேரா சுத்துனா வழுக்கும், அடியில பத்து சுத்து தங்கூஸ் போட்டுட்டு மேல கட்டு. ரீல்ல 7.1க்கு 1னு எழுதியிருந்தா கைப்பிடி ஒரு சுத்துக்கு ஸ்பூல் ஏழு சுத்துன்னு அர்த்தம், தவளைக்கு அந்த வேகம் நல்லது, லூஸ் லைன சட்டுன்னு எடுக்கலாம்.

உன் பழைய மீடியம் லைட்ட தூக்கிப் போட்டுராத. தெளிஞ்ச தண்ணிக்கு அது நல்ல ராடு. நாங்க தேங்காப்பட்டணம் பொழி முகத்துலயும் பூவாறுலயும் சின்னக் கொடுவாக்கு அந்த மாதிரி ராடுதான் கொண்டுபோவோம். மலையாளத்துல காளாஞ்சிம்பாங்க. அதுவும் இங்கிலீஷ்ல சீ பாஸ்தான், ஆனா அமெரிக்க பாஸுக்கும் அதுக்கும் சொந்தம் ஒண்ணும் கிடையாது. அதோட செவுள் மூடி கத்தி மாதிரி, லைன் உரசுனா போச்சு, அதனால பிரெய்டு முனையில 40 பவுண்டு லீடர், அதாவது உரசல் தாங்குற தனி லைன், ஒரு மீட்டர் கட்டாயம் வேணும். விராலுக்குப் பாயல் மேல போடும்போ லீடரே வேண்டாம், பிரெய்ட நேரா தவளையில பாலோமர் முடிச்சு போடு, இடையில முடிச்சு இருந்தா பாயல்ல தட்டிட்டே வரும்.

வேலந்தாவளம் பையன்:

ரொம்ப நன்றிங்ண்ணா ரெண்டு பேருக்கும். பெய்ட்காஸ்டர் இப்ப வாங்கலைங்க. இன்னொரு சந்தேகம், ஏரியோட ஒரு ஓரத்துல செவப்பு செவப்பா குஞ்சு கூட்டம் மேல வந்து வந்து போகுது, தண்ணி பொரியற மாதிரி இருக்குது. அந்தப்பக்கம் தவளைய போட்டா கண்டிப்பா அடிக்கும்னு கூட்டுக்காரப் பையன் சொல்றான், அங்க போடலாமுங்களா?

பனங்காடு அக்கா:

போடாத தம்பி. இத்தன நாளா படிச்சுட்டு மட்டும் போயிருவேன், இதுக்காகத்தான் எழுதறேன்.

அந்த செவப்புக் கூட்டம் விராலோட குஞ்சு. மலையாளத்துல பார்ப்புன்னு சொல்லுவாங்க. விராலுக்கு மேல வந்து காத்த மூச்சு வாங்கணும், குஞ்சும் அதுக்குத்தான் மொத்தமா மேல வருது. அடியில தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அங்க எது விழுந்தாலும் அடிக்கும், பசிக்காக இல்ல, புள்ளைங்க கிட்ட வந்துட்டாங்கன்னு அடிக்கும். அத நீ தூக்கிட்டா அன்னிக்கே கெளுத்தியும் கொக்கும் அந்தக் குஞ்சு பூராத்தையும் தின்னு தீத்துரும். ஒரு மீனுக்காக நூத்துக்கணக்குல போகும்.

எங்கப்பா காலத்துல எங்க ஊரு ஏரியில ஒரு தூண்டிலுக்கு ஒரு விரால் நிச்சயம்னு சொல்லுவாங்க. இப்ப ஆளியார் தண்ணி வந்தாத்தான் ஏரியே நெறையுது, அதுல இருக்கற மீனு நம்ம கையிலதான் இருக்குது. புதுமழைக்கு முட்டையோட ஏறி வர்ற மீன ஊத்தப்பிடுத்தம்னு வாரிக்கட்டி அள்ளறாங்களே, கேரளாவுல அதுக்கு சட்டப்படியே தடை இருக்குது. தூண்டில்ல ஒண்ணு ரெண்டு புடிக்கறவங்களுக்கும் அந்த மனசு வேணும். டேம்ல போடறதா இருந்தா மீன்வளத்துறை ஆபீஸ்ல அனுமதி கேட்டுட்டுப் போடு, ஏரின்னா குத்தகைக்காரங்க கிட்டக் கேளு.

மீன்கரை தூண்டில்:

அக்கா சொன்னதுக்கு மேல ஒரு வார்த்த இல்ல. குஞ்சு தெரிஞ்சா நான் அந்த ஓரத்தையே விட்டுட்டு எதிர்க்கரைக்குப் போயிருவேன். தம்பி, அடிக்காத நாள்ல லூர மாத்திப்பாரு. வாய்க்காத் தண்ணி வந்து கலங்கிக் கெடந்தா தகடு சுத்தற ஸ்பின்னர்பெய்ட், மீனு கண்ணுல பாக்கறதுக்கு முன்னாடி அதிர்வுல கண்டுபுடிக்கும். அல்லித் தண்டு இடைவெளி விட்டு இருக்கற எடத்துல உன் ரப்பர் புழுவ ஆஃப்செட் முள்ளுல (கழுத்து மடிஞ்ச முள்ளு) நுனிய உள்ள மறைச்சுக் குத்திப் போடு. நெறத்தப் பத்தி ரொம்ப யோசிக்காத, கருக்கல்ல கருப்புத் தவளை, ஏன்னா அது கீழ இருந்து வானத்தப் பாத்துத்தான் அடிக்குது, நெழலு நல்லா தெரியணும். அந்த மிச்சமிருக்கற கிராங்க்பெய்ட்ட மலம்புழா மாதிரி வெறுந்தண்ணிக்கு வெச்சுக்க.

வேலந்தாவளம் பையன்:

பதினெட்டு நாள் கழிச்சு வர்றேனுங்க. மீடியம் ஹெவி ராட்டு வாங்கி 40 பவுண்டு பிரெய்டு போட்டேன், தவளைய சுடுதண்ணியில போட்டு கசக்கி, முள்ளு திருப்பி, மாமாகிட்ட அரம் வாங்கித் தீட்டுனேன். குஞ்சு இருக்கற ஓரத்துக்குப் போகவே இல்லீங்க அக்கா, அந்தப் பையனையும் போக வேண்டாம்னு சொல்லிட்டேன். மொத நாள் மூணு அடி, மூணும் போச்சு, கை பழக்கம் உடனே இழுத்துருச்சு. ரெண்டாவது வாரம் எதிர்க்கரையில அல்லிக்கு நடுவுல அடிச்சுது, அண்ணன் சொன்னத மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே நுனிய எறக்கி, சுத்தி, கனம் தெரிஞ்சதும் வெட்டுனேன். நாலு தாமரைத் தண்டோட சேத்து இழுத்துட்டு வந்துருச்சுங்க. ஒரு கிலோ இருநூறு. எங்கம்மா மொளகு அரைச்சு கொழம்பு வெச்சாங்க. அதுக்கப்பறம் அஞ்சு அடிக்கு ரெண்டு மாட்டுது, ஒண்ணு சின்னது, விட்டுட்டேன்.

இப்ப ஒரே பிரச்சன, பத்து வீச்சு வீசுனா தவளைக்குள்ள தண்ணி ஏறி வாலு கீழ எறங்கி பாதி முழுகிருது. இதுக்கு என்ன பண்றதுங்ண்ணா?

மீன்கரை தூண்டில்:

கையக் குடு கண்ணு! தண்ணி முள்ளு வர்ற ஓட்டை வழியாத்தான் ஏறும், அத முழுசா அடைக்க முடியாது, அடைச்சா ஒடம்பு நசுங்காது. நாலஞ்சு வீச்சுக்கு ஒருக்கா முள்ளுப்பக்கம் கீழ வர்ற மாதிரி புடிச்சு ஒரு அமுக்கு அமுக்கு, தண்ணி பீச்சி வெளிய போயிரும். மூக்குல லைன் கட்டற கம்பியச் சுத்தி இருக்கற சந்துக்கு மட்டும் ரப்பர் பசை ஒரு சொட்டு வெச்சு ராத்திரி பூரா காய விடு. வீட்டுக்கு வந்ததும் பொட்டியில போட்டு மூடாத, நெழல்ல தொங்கவிடு, இல்லீனா உள்ள ஈரத்துல முள்ளு துரு ஏறிரும்.