பழைய காலனியப் படங்களில் யார் யாராக நடித்தார்கள்: பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் நடிகர் பட்டியலைப் பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். 1939இல் வந்த 'கங்கா தின்' கதை நடப்பது இந்தியாவின் வடமேற்கு எல்லையில். எடுத்தது கலிஃபோர்னியாவின் லோன் பைன் பாறைகளுக்கு நடுவே. பட்டாளத்துக்குத் தண்ணீர் சுமக்கும் கங்கா தின்னாக வருபவர் நியூயார்க்கில் பிறந்த சாம் ஜாஃபி. ஐம்பதை நெருங்கிய வயது அவருக்கு. காளி பக்தர்களின் குரு, இத்தாலியரான எடுவார்டோ சியானெல்லி.

இரண்டாம் முறை பார்க்கும்போது ஒரு தாளை இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பெயரோடு வரும் உள்ளூர்க்காரர்கள், பெயரில்லாமல் செத்து விழுபவர்கள். கூட்டத்தில் நிற்கும் தலைகளை எண்ண வேண்டாம். மலை நிறைய ஆள் நின்றாலும் அவர்களில் வாய் திறப்பவர் இரண்டு மூன்று பேர்தான்.

கடைசிக் காட்சியை நிறுத்திப் பாருங்கள். படம் முழுக்க அரைத்துணியோடு திரிந்த கங்கா தின், செத்த பிறகு பிரிட்டிஷ் சீருடையில் தோன்றி சல்யூட் அடிக்கிறார். உயிரோடு இருந்தவரை கிடைக்காத உடுப்பு! அதைவிட வேடிக்கை, நாட்டுக்காகச் சாகிறேன் என்று சொல்லிப் பாம்புக் குழியில் குதிப்பவர் வில்லனான அந்தக் குருதான்.

* * *

பட்டியலை மட்டும் நம்பினாலும் ஏமாந்துபோவோம். 1938இன் 'தி டிரம்' படத்தில் இளவரசன் அஸீமாக நடித்தது சாபு, மைசூர்ப் பக்கத்து யானைப்பாகனின் மகன். சரி, இந்தியர்தானே என்று டிக் போட்டுவிடலாம். ஆனால் ஆட்சியைப் பறிக்கும் சித்தப்பா குல் வேடம் டொரன்டோக்காரரான ரேமண்ட் மாஸிக்கு. வெள்ளையரை நம்பும் சிறுவனுக்கு மட்டும் இந்திய முகம். எதிர்த்து நிற்கும் பெரிய ஆளுக்கு ஒப்பனை போட்ட முகம். பம்பாயிலும் சென்னையிலும் இந்தப் படத்துக்கு எதிர்ப்புக் கிளம்பியதில் ஆச்சரியமே இல்லை.

ஆகவே பட்டியலோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உள்ளூர் நடிகர் யார் பக்கம் நிற்கிறார்? 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்' (1935) இதில் தெளிவாக மாட்டும். அமெரிக்கக் கறுப்பின நடிகர் பால் ராப்சன் இருக்கிறார், துணை நடிகர் கூட்டத்தில் பின்னாளில் கென்யாவின் அதிபரான ஜோமோ கென்யாட்டாகூட இருக்கிறார். நடனங்களை ஆப்பிரிக்காவுக்கே போய் எடுத்தார்கள். கிராமத்து செட் போட்டது இங்கிலாந்தில். எல்லாம் இருந்தும் கதை வெள்ளை அதிகாரியின் புகழ் பாடுவதாகவே முடிந்தது. ராப்சனே பிறகு அந்தப் படத்தைக் கைகழுவிவிட்டார்.

* * *

'ஜூலு'வை (1964) விட்டுவிட்டீர்களே என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களுக்கும் பிரிட்டிஷ் படைக்கும் நடந்த சண்டைதான் அதன் கதை. மன்னர் செட்ஷ்வாயோவாக நடித்த மங்கோசுத்து புத்தெலெஸி, அந்த மன்னரின் கொள்ளுப்பேரன், தாய் வழியில். நடிகர் தேர்வில் குறை சொல்ல வழியில்லை. சறுக்கல் திரைக்கதையில். ஜூலு நாட்டுக்குள் படையோடு நுழைந்தது பிரிட்டன்தான் என்பதைப் படம் அழுத்திச் சொல்வதே இல்லை. பிரிட்டிஷ் முகாமின் முற்றுகையை விட்டுப் போகும் ஜூலு வீரர்கள் குன்றின்மேல் நின்று எதிரிக்கு மரியாதைப் பாட்டு பாடுகிறார்களே, 1879இல் அந்த முகாம் இருந்த ரோர்க்ஸ் டிரிஃப்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை.