‘மெட்டமெரிசம்’: நிறமயக்கமா, நிறப்போலியா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய டிரக் எஞ்சினுக்குத் தொழிற்சாலையில் அடித்த அதே நிறத்தை மீண்டும் கொண்டுவரும் முறையை விளக்கும் கையேட்டில், ‘மெட்டமெரிசம்’ என்பதற்கு, அதாவது ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரு பூச்சுகள் வேறு விளக்கில் வேறாகத் தெரிவதற்கு, ‘நிறமயக்கம்’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

முதலில் பொருளைப் பார்ப்போம். 1947-இல் அறிமுகமாகி 1955-இன் தொடக்கம் வரை விற்ற செவ்ரோலே அட்வான்ஸ் டிசைன் டிரக்குகளின் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் சாம்பல் நிறப் பூச்சோடு வந்தவை. வெப்பமும் எண்ணெயும் பழைய எனாமலை மஞ்சளாக்கிவிடும் என்பதால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (எஞ்சினிலிருந்து புகையைத் திரட்டி வெளியேற்றும் குழாயின்) அருகிலுள்ள பூச்சை நம்புவதற்கில்லை. பூச்சு அடித்த பிறகு பொருத்திய தாங்கிகளுக்கு அடியில்தான் பழைய நிறம் ஓரளவு கெடாமல் இருக்கும். அங்கே கிடைத்த நகமளவு மாதிரியைப் பார்த்துக் கலக்கிய புதிய சாம்பல், பணிமனை விளக்கின்கீழ் இம்மியும் வேறுபடாமல் இருந்துவிட்டு, வெளியே பகலொளிக்கு வந்ததும் பச்சையோ நீலமோ ஓடித் தனித்துத் தெரிவது உண்டு. கறுப்பும் வெள்ளையும் கலந்தும் சாம்பலைப் பெறலாம். நீலமும் காவியும் மஞ்சளும் சேர்த்தும் பெறலாம். இவ்விரு கலவைகளும் ஒளியின் பல அலைநீளங்களில் திருப்பியனுப்பும் அளவு வேறு. ஆயினும் ஒரு குறிப்பிட்ட விளக்கில் நம் கண்ணில் நிறத்தை உணரும் மூவகைக் கூம்புச் செல்களும் பெறும் மொத்தத் தூண்டல் சமமாகிவிடுகிறது. நிறவெப்பநிலை 2856 கெல்வின் கொண்ட மஞ்சள் சாயல் இழைவிளக்கை விட்டு ஏறத்தாழ 6500 கெல்வின் பகலொளிக்கு மாறும்போது அந்தச் சமன் குலைகிறது. சாம்பலில் சிறு சாயல் மாற்றமும் கண்ணில் படும் என்பதால் தொல்லை இன்னும் மிகுதி.

இங்கே கண் மயங்கவில்லை என்பதே என் முதல் மறுப்பு. மேலும், மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்னும் இலக்கண வழக்குகளில் மயக்கம் என்பது கலத்தலைக் குறிக்கும்; நாள்தோறும் நிறங்களைக் கலக்கும் தொழிலில் ‘நிறமயக்கம்’ என்றால் நிறக்கலவை என்றே படிக்க இடமுண்டு.

நான் முன்மொழிவது ‘நிறப்போலி’. முகம் என்பது முகன் என்று வரும்போது எழுத்து வேறு, பொருள் ஒன்று. அதைக் கடைப்போலி என்கிறோம். இங்கே நிறமி வேறு, தோற்றம் ஒன்று. ‘மகம்’ ‘மகன்’ ஆனால் பொருளே மாறிவிடுவதால் அது போலி ஆகாது. அதுபோல, விளக்கு மாறித் தோற்றம் பிரிந்தால், அந்த விளக்கில் அது நிறப்போலி அன்று. இந்த நிபந்தனையைத் தனியே ஒட்டவைக்க வேண்டியதில்லை. சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

போலி உதிரிப்பாகம் என்ற வழக்கால் இச்சொல்லுக்கு மோசடி என்ற நிழல் விழும் என்ற எதிர்ப்பு நியாயமானது. ஆனால் முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி மூன்றையும் பள்ளியில் படித்தவர்களுக்கு, தொகைச்சொல்லின் ஈற்றில் நிற்கும் ‘போலி’ இலக்கணப் பொருளையே முதலில் தரும் என்று நம்புகிறேன்.

எல்லா அலைநீளங்களிலும் ஒத்துப்போவதை ‘மெய்யொப்பு’ எனலாம். விலங்கியலில் மண்புழுவின் உடல் கண்டங்களாக (வளையத் துண்டுகளாக) அமைந்திருப்பதற்கும் மெட்டமெரிசம் என்றே பெயர் இருப்பதால், கையேட்டின் பதிவில் ‘நிறவியல்’ என்ற துறைக்குறிப்பும் வேண்டும். பயன்பாட்டில் விளக்கின் பெயரையும் சேர்த்து, ‘இந்தப் புதிய சாம்பல் இழைவிளக்கில் மட்டும் நிறப்போலி’ என்று எழுதலாம்.